குடிசை மாற்று வாரியத்தின் போர்டு வீட்டில் மேற்கூரை பெயர்ந்து விழுகிறது. அம்மாவும் நானும் மட்டும்தான். 10ஆம் வகுப்போடு படிப்பை விட்டு வேலைக்குப் போகலாமா?

தம்பி, வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம். இன்று ராத்திரி நீங்கள் இரண்டு பேரும் எங்கே படுக்கப் போகிறீர்கள்? காரை விழுந்து கம்பி தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நேர் கீழே பாய் விரிக்கவே வேண்டாம். மேல் வீட்டிலிருந்து தண்ணீர் கசியக் கசியக் கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பிய கம்பி கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். மேலாகச் சிமெண்ட் பூசினால் அதையும் தள்ளிக்கொண்டு விழும்.

புகார் வேண்டாம் என்று அம்மா தடுக்கிறார் என்கிறாய். அந்தப் பயம் எனக்குத் தெரியும். வடசென்னையில் ஒரு பழைய லைன் வீட்டில் நானும் என் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். ஒழுகுகிறது என்று சொன்னால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள், வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கையில் காசில்லை. அதனால் அம்மா வாயே திறக்க மாட்டார். உன் அம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருக்கும். கூவம் கரையிலிருந்த குடும்பங்களைத் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய மாதிரி அனுப்பிவிட்டால், அவர் வேலை பார்க்கும் வீடுகளுக்கு எப்படி வந்து போவது? நியாயமான கவலைதான்.

ஆனாலும் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நடந்ததை அவரிடம் சொல். 2021 டிசம்பர் 27 அன்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் இருந்த ஒரு பிளாக் சரிந்து தரைமட்டமானது. ஒருவரும் சாகவில்லை. விரிசலைப் பார்த்து முன்பே எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அம்மா தனியாகப் போய் நிற்க வேண்டாம். பிளாக்கில் இருப்பவர்களிடம் கையெழுத்து வாங்கி ஒரே மனுவாக வாரிய அலுவலகத்தில் கொடுங்கள். கூரையின் போட்டோக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனு ஏற்பு ரசீது வாங்காமல் வராதீர்கள். அதே மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். காலி பண்ணச் சொன்னால், திரும்ப இதே இடத்தில் வீடு உண்டா, அதுவரை வாடகைக்கு என்ன தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் 15100க்குப் போன் செய்யலாம், அது சட்ட உதவி எண். பெண்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

இனி படிப்பு. விடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். நீ 16 வயதில் கொண்டுவரும் கூலியால் இந்தக் கூரை மாறாது. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், ஐடிஐ, பாலிடெக்னிக், கல்லூரி எதில் சேர்ந்தாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வழி உண்டு. எப்படி விண்ணப்பிப்பது என்று தலைமை ஆசிரியரிடம் கேள். வீட்டு நிலைமையையும் அவரிடம் மறைக்காமல் சொல்.

வீட்டின் ஒதுக்கீட்டு ஆணை யார் பேரில் இருக்கிறது என்று நீ எழுதவில்லை. அம்மா பேரிலா, அப்பா பேரிலா, இல்லை வேறு யாரிடமோ வாடகைக்கு எடுத்ததா? அதைப் பார்த்துக் கீழே பதில் போடு. மனுவை எப்படி எழுதலாம் என்று சொல்கிறேன்.