பாகா, பிசுக்கா?

கேள்வி: திரவம் ஓடத் தயங்கும் தன்மையைக் குறிக்கும் ‘விஸ்காசிட்டி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் அதைப் பாகுநிலை என்பது சரிதானா?

பதில்: புல்லுருவியிலிருந்து வந்தது! ஐரோப்பாவில் மரக்கிளைகளில் ஒட்டி வளரும் ஒருவகைப் புல்லுருவிக்கு லத்தீனில் ‘விஸ்கம்’ என்று பெயர். அதன் வெள்ளைப் பழத்துக்குள் நூல்நூலாக இழுபடும் பசை உண்டு. அந்தப் பசையைக் காய்ச்சிக் குச்சியில் தடவிப் பறவை பிடித்தார்கள்; பசைக்கும் விஸ்கம் என்றே பெயராயிற்று. அதிலிருந்து ‘விஸ்கோசுஸ்’, அதாவது பிசுபிசுப்பானது. பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலம்.

சொல் பசையைப் பற்றியது. அளவோ பசையைப் பற்றியதல்ல. திரவத்தின் அடுத்தடுத்த படலங்கள் வெவ்வேறு வேகத்தில் நகரும்போது அவற்றுக்கிடையே எழும் உராய்வைத்தான் இயற்பியல் அளக்கிறது. 1687இல் நியூட்டன் இதை வழுக்கும் தன்மையின் குறைவு என்ற பொருளில்தான் எழுதினார். பாதரசத்தைப் பாருங்கள்: கண்ணாடியில் ஒட்டாமல் உருண்டோடும், ஆனால் அதன் பாகுநிலை தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு.

இலங்கைப் பாடநூல்களில் வரும் ‘பிசுக்குமை’ லத்தீன் மூலத்துக்கு நெருக்கமானது. ஆனாலும் என் ஓட்டு பாகுக்கே. அடுப்பில் ஓடும் வெல்லப்பாகு ஆறினால் இழுபடுகிறதே. சூடு ஏறினால் திரவத்தின் பாகுநிலை குறையும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. (வாயுக்களில் இது தலைகீழ்.)

கேள்வி: விளக்கெண்ணெயில் எஃகுக் குண்டு போட்டு, அது இறங்கும் வேகத்திலிருந்து பாகியல் எண் (பாகுநிலையின் அளவு) காணும் பிளஸ் ஒன் சோதனையில், காலையில் ஒரு விடை, மதியம் ஒரு விடை வருகிறதே?

பதில்: பெரும்பாலும் வெப்பநிலைதான் காரணம். விளக்கெண்ணெயின் பாகியல் எண் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 1 பாஸ்கல் விநாடி. 30 டிகிரியில் 0.45. பாதிக்கும் கீழே! எனவே ஒவ்வொரு முறையும் எண்ணெயின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குண்டு முற்றுத் திசைவேகத்தை (மேலும் கூடாமல் நிலைத்துவிடும் வேகத்தை) எட்டவில்லையோ என்று கவலைப்பட வேண்டாம். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு சில மில்லிவிநாடிகளிலேயே எட்டிவிடும். குண்டைக் குழாயின் நடுவில் விடுங்கள். சுவரோரமாக இறங்கினால் வேகம் குறைந்து, விடை கூடுதலாக வரும். போடும் முன் அதே எண்ணெயில் நனைத்தெடுத்தால் காற்றுக்குமிழி ஒட்டாது. விட்டத்தைத் திருகு அளவியால் மூன்று திசைகளில் அளந்து சராசரி எடுங்கள்: சூத்திரத்தில் ஆரம் இருமடியில் வருவதால், அதில் 2 சதவீதம் பிழைத்தால் விடையில் 4 சதவீதம் பிழைக்கும்.