கடைக் கட்டடம் ஒழுகுகிறது: கோட்டிங் அடிப்பதா, கூரையையே மாற்றுவதா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும். தர்மபுரியில் முப்பது வருடப் பழைய கட்டடம் ஒன்று. முன்பக்கம் கான்கிரீட் தளம் போட்ட கடைகள், சுமார் 2,000 சதுர அடி. பின்பக்கம் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகர ஷீட் போட்ட 5,000 சதுர அடி குடோன், அதைக் கேள்வி கேட்டவர் புளி வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். இரண்டுமே ஒழுகுகின்றன. ஒருவர் வந்து பார்த்துவிட்டு "கோட்டிங் அடிச்சா பத்து வருஷம் தொடவே வேண்டாம்" என்கிறார், இன்னொருவர் மொத்தத்தையும் பிரித்து மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நான் கிருஷ்ணகிரியில் ஷெட் ஃபேப்ரிகேஷன் வேலை செய்கிறவன். ஷீட் மாற்றும் வேலையும் எடுப்பேன், ஆள் வைத்துக் கோட்டிங்கும் அடித்துத் தருவேன். மாற்றினால்தான் எனக்கு நாலு காசு அதிகம் நிற்கும், அதையும் மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

கோட்டிங் என்பது கூரை மேல் அடிக்கிற நீர்த்தடுப்புப் பூச்சு, அது தண்ணீர் நுழைகிற வழியை அடைக்கும், அவ்வளவுதான். துருப்பிடித்து மெலிந்த தகரத்துக்கோ கம்பி அரித்த கான்கிரீட்டுக்கோ போன பலத்தை அது திருப்பித் தராது. அதனால் எந்தக் கோட்டிங் நல்லது, எந்தக் கம்பெனி வாளி வாங்கலாம் என்பதெல்லாம் அப்புறம் வருகிற கேள்வி. அடியில் இருப்பது இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி, அதற்கு வாளி விற்கிறவரிடம் பதில் இருக்காது.

குடோனில் இருந்து ஆரம்பிக்கிறேன், அங்கே பார்ப்பது சுலபம். நல்ல வெயில் நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு, விளக்கை அணைத்து, உள்ளே நின்று மேலே பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புள்ளிகள் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஓடுகிற கோட்டிலேயே வரிசையாக இருந்தால் ஓட்டை ஷீட்டில் இல்லை, போல்ட் போட்ட இடத்தில் இருக்கிறது. 30 அடி நீள ஷீட் ஒன்று விடியற்காலை 20 டிகிரியில் இருந்து மதியம் 60 டிகிரிக்குச் சூடானால் 4 மி.மீ.க்கு மேல் நீளும், இரவில் மறுபடி சுருங்கும். வருடக்கணக்கில் தினமும் இப்படி இழுத்து இழுத்து, ஷீட்டைப் பர்லினோடு பிடிக்கிற கொக்கி மாதிரியான ஜே போல்ட்டின் ஓட்டை நீள்வட்டமாகிவிடும், வாஷர் காய்ந்து வெடித்துவிடும். இந்த மாதிரிக் கூரைக்கு மொத்த ஷீட்டையும் கழற்றுவது வீண் செலவு. பழைய போல்ட்டை எடுத்துவிட்டு, கொஞ்சம் பெரிய அளவில் ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ அடித்து, ஷீட்டோடு ஷீட் சேரும் இடங்களில் சீலன்ட் டேப் வைத்து, அதற்கு மேல் கோட்டிங் அடித்தால் போதும்.

வெளிச்சப் புள்ளிகள் ஷீட்டின் நடுவில் அங்கங்கே சிதறிக் கிடந்தால் கதை வேறு. அது தகரமே அரித்துப்போனதற்கான அடையாளம். சந்தேகமாக இருந்தால் துருப்பிடித்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அந்த ஷீட்டுக்குக் கோட்டிங் பேச்சே வேண்டாம். அப்படியே பர்லினையும் அதைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸையும் பாருங்கள், முக்கியமாகச் சுவரில் உட்காரும் முனைகளையும், இரண்டு சரிவும் சேரும் பள்ளத்தில் மழைத்தண்ணீர் வாய்க்காலான கட்டர் ஓடும் ஓரத்தையும். துரு செதில் செதிலாக உரிந்து கொட்டுகிறதா? கூரைக்கு மேலே எந்தக் கோட்டிங் அடித்தாலும் கீழே இருக்கிற பர்லினைக் காப்பாற்ற முடியாது. பர்லின் போயிருந்தால் ஷீட்டை எப்படியும் இறக்கித்தான் ஆக வேண்டும், இறக்கிய பழைய ஷீட்டை மறுபடி ஏற்றுகிறவர் யாரும் இல்லை.

பெரும்பாலும் உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். தெற்குப் பக்கம் நன்றாக இருக்கும், கட்டர் ஓரத்தில் கடைசி வரிசை மட்டும் அரித்திருக்கும், அல்லது பக்கத்து வீட்டுப் புளியமரத்து இலை விழுந்து மக்குகிற மூலை மட்டும் போயிருக்கும். கெட்ட வரிசையை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்துக்கு ஸ்க்ரூவும் கோட்டிங்கும் என்று ஒரு மூன்றாவது வழி இருக்கிறது, ஆனால் இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கோட்டிங் ஆளுக்கு ஷீட் வேலை தெரியாது, ஷீட் ஆளுக்கு 500 சதுர அடி வேலைக்காக வண்டி அனுப்பக் கட்டாது. என் கணக்குக்கு, நாலில் ஒரு பங்குக்குக் குறைவாகக் கெட்டிருந்தால் இந்த வழி சரி. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முழுசாக மாற்றிவிடுவேன். இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிற விதி இல்லை, என் அனுபவக் கணக்கு.

கட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அரூரில் 33 செ.மீ. 50 செ.மீ. மழை உங்கள் 5,000 சதுர அடிக் கூரையில் விழுந்தால் கிட்டத்தட்ட 2.3 லட்சம் லிட்டர் தண்ணீர். மழை உச்சத்தில் கொட்டும்போது நாலு இன்ச் குழாய் இரண்டு மட்டும் அதை எப்படி இறக்கும்? அந்த மழைக்குப் பிறகு "கூரை போச்சு" என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பல பேர் இடத்தில் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டர் நிரம்பி உள்பக்கமாக வழிந்திருந்தது. சாதாரண மழைக்கு ஒழுகாமல் பெருமழைக்கு மட்டும் சுவர் ஓரமாகக் கொட்டுகிறது என்றால் முதலில் கட்டரைப் பெரிதாக்கி இன்னொரு குழாய் இறக்குங்கள், அது இரண்டு கொட்டேஷனையும் விட மலிவு.

இன்னொன்றும் உண்டு, ஓசூர், தளி பக்கம் குளிர் அதிகம் என்பதால் அங்கே நிறையப் பார்க்கிறேன்: மழையே இல்லாத மார்கழி விடியற்காலையில் ஷீட்டில் இருந்து சொட்டு விழும். அது ஒழுகல் இல்லை, உள்ளே இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு வியர்ப்பது. வெளியே எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது, காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வைத்திருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) ஷீட் வெயிலில் காய்ந்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும், கோட்டிங் அடிக்க ஏறுகிற ஆளே அதை உடைத்துக்கொண்டு கீழே விழுவார். கூரை வேலையில் இப்படி உயிர் போவது உண்டு. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் போல்ட் வரிசைக்கு மேல் பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். உலர்ந்த ஷீட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதோ பிரஷர் வாட்டர் அடிப்பதோ கூடவே கூடாது, நார் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும். ஆள் நிம்மதியாக ஏறி நிற்க முடியாத கூரைக்கு ஒரே பதில் மாற்றுவதுதான், அதையும் நனைத்து, உடைக்காமல், முழு ஷீட்டாக இறக்க வேண்டும். மாற்றும்போது ஒரு விஷயம்: ஏ.சி. ஷீட்டைவிடத் தகர ஷீட் எடை ரொம்பக் குறைவு, அதனால் கோடைமழைக்கு முன்னால் அடிக்கிற சூறைக்காற்றில் மேலே தூக்கும். ஓரத்திலும் முகட்டிலும் ஸ்க்ரூ நெருக்கமாக இருக்க வேண்டும்.

சரி, முன்பக்கக் கான்கிரீட் தளத்துக்கு வருவோம். இங்கே "மாற்றுவது" என்று அந்த இரண்டாமவர் சொல்வது தளத்தை இடிப்பதை இல்லை, மேலே போட்ட சுருக்கியையும் (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை அடுக்கு) அதன் மேல் பதித்த தட்டோட்டையும் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதை. மழை நின்று மூன்று நாள் ஆகியும் சீலிங்கில் சொட்டுகிறது என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தண்ணீர் சுருக்கிக்குள் இறங்கித் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். (மாடியில் தண்ணீர்த் தொட்டியும் கடைக்காரர்களின் ஏர்கண்டிஷனர் குழாயும் இருந்தால் அவை கசியவில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏப்ரலிலும் சொட்டினால் குற்றவாளி மழை இல்லை.) ஈரம் குடித்த சுருக்கியின் மேல் கோட்டிங் அடித்தால் சித்திரை வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி மேலே வரப் பார்க்கும், வழி கிடைக்காமல் கோட்டிங்கைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டைத் தளத்தில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மாலையில் இருந்து மறுநாள் காலை வரை விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் நீர்த்துளி கோர்த்திருந்தால் கோட்டிங்குக்கு இன்னும் நேரம் வரவில்லை.

அப்புறம் சின்ன சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வருகிற இடம் நல்ல இடம், பொத்தென்று வெற்றுச் சத்தம் வந்தால் அங்கே ஓடு விட்டுவிட்டது. உங்களுடையது அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிக் கட்டையால் அடித்த சுருக்கியாக இருந்து, சத்தமும் கெட்டியாக வந்தால் தயவுசெய்து அதைப் பெயர்க்க விடாதீர்கள். இப்போது அவ்வளவு பொறுமையாக அடித்துப் போட ஆள் கிடைப்பதில்லை. விரிசலை மட்டும் வெட்டி அடைத்து, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையை உருட்டிப் பூசி, குழாய் வாயைச் சரி செய்து, அதற்கு மேல் கோட்டிங் அடியுங்கள். வெற்றுச் சத்தம் பரவலாக இருந்தால் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

பழசை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போடலாம் என்று ஒரு மேஸ்திரி கட்டாயம் சொல்வார். இரண்டு இன்ச் கான்கிரீட் 100 சதுர அடிக்கே ஒரு டன்னுக்கு மேல் வரும். உங்கள் 2,000 சதுர அடிக்கு 20 டன்னுக்கு மேல். முப்பது வருடத் தளத்தின் தலையில் அதை ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீழே சீலிங்கில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால் இந்தப் பேச்சையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், அது கூரைக்காரன் முடிவு செய்கிற விஷயமே இல்லை.

மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் தளத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) சரியில்லை. சாதாரண அக்ரிலிக் கோட்டிங் தேங்கிய தண்ணீரில் ஊறி உரியும், வாரண்டி தாளிலேயே "தண்ணீர் தேங்கும் இடத்துக்குப் பொருந்தாது" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். முதலில் வாட்டம், அப்புறம்தான் கோட்டிங். சிலிகான் கோட்டிங் தேங்கிய தண்ணீரைத் தாங்கும், ஆனால் ஒருமுறை சிலிகான் அடித்துவிட்டால் பிற்காலத்தில் அதன் மேல் சிலிகானைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது.

கோட்டிங் என்று முடிவானால் ஏமாறுகிற இடம் கனம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டரைப் பரப்பினால் ஈரத்தில் 1 மி.மீ. கனம் வரும், அதில் சுமார் பாதி தண்ணீர், காய்ந்ததும் போய்விடும். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். 20 லிட்டர் வாளி ஒன்றை அதில் அடித்தால் காய்ந்த பிறகு மிஞ்சுவது 0.1 மி.மீ., ஒரு வெள்ளைத் தாளின் கனம். அரை மி.மீ. வேண்டுமென்றால் 1,000 சதுர அடிக்கு ஐந்து வாளி ஆகும். பத்து வருடம் தொட வேண்டாம் என்கிறவரிடம் மொத்தம் எத்தனை வாளி என்று மட்டும் கேளுங்கள், முகம் மாறும். சீல் உடைக்காத வாளி உங்கள் கண் முன்னால் திறக்கப்பட வேண்டும், காலி வாளிகளை எண்ணிவிட்டுக் காசு கொடுங்கள். கொட்டேஷனில் சதுர அடி ரேட் மட்டும் இல்லாமல் பொருளின் பெயர், லிட்டர், எத்தனை கோட் எல்லாம் எழுதி வாங்குங்கள்.

வெள்ளைக் கோட்டிங் சூட்டைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் நம் பக்கம் கிரானைட் பாலிஷ் யூனிட்டும் நெடுஞ்சாலைத் தூசியும் இருக்கிற இடத்தில் ஒரே வருடத்தில் அது பழுப்பாகிவிடும், கழுவி விட்டால்தான் அந்தப் பலன் தொடரும்.

சோலார் போடுகிற எண்ணம் இருக்கிறதா? இருந்தால் என் பதில் அப்படியே மாறும். பேனலுக்கு 25 வருடம் வாரண்டி தருகிறார்கள். ஏழெட்டு வருடக் கோட்டிங்கின் மேல் அதை ஏற்றிவிட்டு, நடுவில் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடித்து மறுபடி ஏற்றுவது வேண்டாத வேலை. அப்போது குடோனுக்குப் புது ஷீட்டே போட்டுவிடுங்கள், பேனல் எடைக்கு ட்ரஸ் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஆடிட்டரையும் ஒரு தடவை கேளுங்கள். பழுதுபார்ப்பை அந்த வருடச் செலவாகக் காட்டுவதும் மொத்தமாக மாற்றுவதை மூலதனச் செலவாகக் காட்டுவதும் கணக்கில் வேறு வேறு, வாடகை வருமானக்காரருக்கு அது எப்படி வரும் என்று அவர்தான் சொல்ல முடியும்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து இப்போதைக்கு நான் நினைப்பது: முன்பக்கம் சுருக்கியைச் சத்தம் பார்த்துக் கெட்ட பகுதியைப் பெயர்த்து, நன்றாகக் காயவிட்டு, வாட்டம் சரி செய்து, கோட்டிங். பின்பக்கம் வெளிச்சப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து. குடோனை ஷீட் மாற்றுவதாக இருந்தால் புதுப் புளி வருவதற்கு முன்னால், தை மாதத்தில் முடித்துவிடுங்கள், அப்போதுதான் உள்ளே சரக்கு குறைவாக இருக்கும். மாசி, பங்குனியில் மூட்டை அடுக்கிவிட்டால் அதை இறக்கி ஏற்றுகிற கூலியும் நனைந்து கறுத்த புளிக்கு வியாபாரி கேட்கிற விலைக் கழிவும் ஷீட் விலையை எட்டிப்பிடிக்கும். கான்கிரீட் கோட்டிங்கை அதற்குப் பிறகு மாசியில் வைத்துக்கொள்ளலாம், உச்சி வெயிலில் இல்லாமல் காலையிலும் சாயங்காலமும் அடிக்கச் சொல்லுங்கள். கொட்டேஷன் மட்டும் கார்த்திகையிலேயே வாங்கி வையுங்கள், கோடை தொடங்கிவிட்டால் எங்கள் ஆட்கள் ஒருவரும் போனை எடுக்க மாட்டார்கள்.