கரண்ட் வைத்து முடிந்த பிறகு வரும் சத்துக் குறைவு: கேள்வி பதில்

மும்பையில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன். இடுப்புப் பகுதியில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, அதாவது பேச்சுவழக்கில் 'கரண்ட்', எடுத்தவர்களின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இன்று பதில்.

செம்பூரிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்து ஐந்து வருடம் ஆகிறது. காலில் இருந்த செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடக்கிறார். வயசுதான் காரணமா?

வயசு என்று விட்டுவிடாதீர்கள் அம்மா. சர்க்கரையாலும் கால் மரத்துப்போகும். ஆனால் இவருக்கு வைட்டமின் பி12 அளவையும் பார்த்தே ஆகவேண்டும்; அது குறைந்தாலும் நரம்பு கெட்டு இப்படி ஆகும். அந்தச் சத்தை உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. அதன் சுருள்கள் இடுப்புக்குழிக்குள் கிடப்பதால் கதிர் அங்கேயும் படுகிறது. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில வருடங்கள் தாங்கும். அது தீர்ந்த பிறகுதான் குறை வெளியே தெரியும். அதனால்தான் பழைய சிகிச்சையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. டாக்டரிடம் சுகர், பிரஷர் மட்டும் சொல்லாமல் கரண்ட் வைத்ததையும் சொல்லுங்கள். குறை இருந்தால் ஊசி போடுவார்கள். அதற்குள் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் கொடுக்காதீர்கள்; ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு கெடுவது நிற்காது.

மாட்டுங்காவிலிருந்து: நாங்கள் சைவம். பால், தயிர், முருங்கைக்கீரை கூட்டினால் போதாதா?

கீரையில் பி12 கிடையாது. பால், தயிரில் கொஞ்சம் உண்டு. ஆனால் குடல் உறிஞ்சாவிட்டால் அதுவும் சேராது.

டோம்பிவிலியிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சாப்பிட்டதும் ஓடவேண்டியிருக்கிறது. மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கிறது. லோக்கல் ரயிலுக்குப் பயந்து காலையில் பட்டினி கிடக்கிறார்.

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. பட்டினி வேண்டாம், உள்ள சத்தும் போய்விடும். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலத்தைத் திரும்ப உறிஞ்சுவதும் சிறுகுடலின் அதே கடைசிப் பகுதிதான். அது உறிஞ்சாவிட்டால் அமிலம் பெருங்குடலுக்குப் போய் வயிற்றுப்போக்கு ஆகிறது. கொழுப்பு செரிக்காமல் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணாகின்றன. சிறுகுடலில் கிருமி பெருகினாலும் இப்படி ஆகும். அதற்கு மருந்து வேறு. எது என்று குடல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் பவுடரை அவர் கொடுத்தால், மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ கொடுங்கள். அந்தப் பவுடரே வைட்டமின்களைப் பிடித்துக்கொள்ளும். அளவை அவ்வப்போது சோதிக்கச் சொல்லுங்கள்.

தாராவியிலிருந்து: மலத்தில் ரத்தம் வருகிறது. மெடிக்கலில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கட்டுமா?

முதலில் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டும் அக்கா. கதிர்வீச்சுப் புண்ணாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். மாத்திரை அப்புறம், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.