மெஷின் இல்லாமல், துண்டுத் துணிகளைக் கையால் தைத்துப் புத்தகம் செய்தால் நிற்குமா?

நிற்கும். உங்களிடம் ஒரு பை நிறைய மிச்சத் துணி இருக்கும், "மெஷின் இல்லாமல் ஆகாது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள்.

அண்ணன் மகளுக்கு நான் தைத்த புத்தகம் முழுக்க அப்பாவின் பழைய பருத்திச் சட்டைகள். ஒரு பக்கத்தில் சட்டைப் பையை அப்படியே விட்டு வெட்டினேன். அவள் கையில் கிடைத்ததையெல்லாம் அதில்தான் போடுவாள். காலர் மடிப்புக்கு அடியில் மட்டும் துணி வெளுக்காமல் புது நீலத்தில் இருந்தது. அதை வானமாக வைத்தேன். கடிக்கிற வயது என்பதால் பட்டன்களைப் பிரித்து எடுத்துவிட்டேன். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு என்றால் பட்டன், மணி எதுவும் வேண்டவே வேண்டாம். படங்களின் கண், மூக்கையெல்லாம் நூலாலேயே போடுங்கள். கடித்து, இழுத்து, பலமுறை துவைத்தும் ஒரு பக்கம்கூடக் கழன்று வரவில்லை.

காரணம் பின்தையல், அதாவது ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி முன்னால் எடுப்பது. ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகும் வெறும் ஓட்டுத் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு வரும். பின்தையலில் ஒவ்வொரு தையலும் முந்தையதைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் சட்டென்று பிரியாது.

15 செ.மீ. சதுரப் பக்கம் வேண்டுமென்றால் 32-க்கு 17 செ.மீ. அளவில் இரண்டு துணி வெட்டுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, ஓரத்தில் 1 செ.மீ. விட்டுச் சுற்றித் தைத்து, சிறிய வாய் மட்டும் விடுங்கள். மூலைகளைக் கத்தரித்து, புரட்டி, இஸ்திரி போட்டு, வாயை மூடுங்கள். இப்படி மூன்று நான்கு செய்து நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். மடிப்பில் ஐந்து இடத்தில் ஊசி ஏற்றி, இரட்டை நூலால் கட்டினால் புத்தகம். உள்ளே போகப் போக அகலத்தை அரை செ.மீ. குறையுங்கள், இல்லாவிட்டால் நடுப்பக்கம் வெளியே துருத்தும். பஞ்சு வைக்காதீர்கள், மடிப்பு தடித்து ஊசி இறங்காது, புத்தகமும் மூடாது.

துணிகளை முதலில் துவைத்துவிடுங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும். பனியன் துணி இழுபடும், அதை மற்றதோடு கலக்காதீர்கள்.

மெஷினில் தைப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் "கிழிசலில் புத்தகமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா 2002-ல், தொண்ணூறு வயதில், தன் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் வைத்துத் துணிப் புத்தகம் செய்தார். பக்கங்களைத் தனித்தனியாகக் கழற்றலாம், அதற்கென்று காஜா வைத்திருக்கிறார். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். "எனக்கும் ஒன்று தைத்துக் கொடு" என்பார்கள். கூலி சொன்னால் "துணி சும்மாதானே கிடைத்தது?" என்பார்கள். துணி சும்மா கிடைத்தது சரி, ராத்திரி கண் வலிக்க உட்கார்ந்தது? கடைப் பொம்மைக்கு மறுபேச்சில்லாமல் காசு கொடுப்பவர்கள்தான் இதையும் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் அப்படிக் கேட்பவர்களிடம் ஊசியைக் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.