ஓட்டினவர் தூங்கவில்லை

அன்புள்ள அண்ணா,

1959இல் அமெரிக்காவில் பட்டி ஹோலி என்ற இளம் பாடகர் இறந்துபோன சின்ன விமான விபத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரவில் கிளம்பிய விமானம், எஞ்சினில் கோளாறு இல்லை, ஆனாலும் சில நிமிடங்களில் தரையில் மோதியது என்கிறீர்கள். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதுகூட ஒரு விமானிக்குத் தெரியாமல் போகுமா? 1974இல் எங்கள் பக்கத்து ஏழு கன்னிமலையில் ஒரு பயணிகள் விமானம் மோதிய மறுநாள் மேலே ஏறிப் போனவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். "ஓட்டுனவன் தூங்கிட்டான்" என்றுதான் இன்றைக்கும் சொல்லுவார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஒரு வாசகி, மஸ்கெலியா

அன்புள்ள தங்கச்சி,

தாத்தா சொல்வதைச் சின்ன வயதிலிருந்து நானும் கேட்டிருக்கிறேன். லொறி பள்ளத்தில் விழுந்தாலும் நம் பக்கத்தில் முதலில் கிளம்பும் பேச்சு அதுதான். செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. அதனாலேயே அந்தப் பேச்சு என் மனதை அறுக்கிறது.

அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். டிரைவர் வேகமாக எடுத்ததும் முதுகு சீட்டில் அழுந்தும். சமதரையிலும் பஸ் மேட்டில் ஏறுவது போலிருக்கும். காதுக்குள்ளே மிகச் சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. தலையைப் பின்னால் சாய்த்தால் அவை பின்பக்கம் சரியும். வண்டி வேகமெடுத்தாலும் அப்படியேதான் சரியும். இது எது, அது எது என்று காதுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பகலில் கண் அதைத் திருத்திவிடும். ராத்திரியில் ஓடுபாதை விளக்குகள் பின்னால் போனதும் முன்னே ஒரே கறுப்பு. விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறித் தூக்கிவிட்டதாக விமானிக்குத் தோன்றும். மூக்கை இறக்க, கை தானாக ஓட்டும் பிடியை முன்னால் தள்ளும். தள்ளினால் வேகம் கூடும். கூடக்கூட இன்னும் தூக்கியது போலவே இருக்கும். முழு விழிப்போடு இருக்கிறவருக்கு நடப்பது இது.

பட்டி ஹோலி இறந்த 1959 பெப்ரவரி 3ஆம் திகதி, நடுநிசி தாண்டி ஒரு மணி ஆகப்போகும் நேரம். அயோவா மாநிலத்தில் மேசன் சிட்டி விமான நிலையம். மூன்று பாடகர்கள், 21 வயது விமானி. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதிச் சான்று அவரிடம் இல்லை. விமானத்தின் சொந்தக்காரர் நிலையத்துக் கோபுரத்தின் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வால் விளக்கு மெல்ல மெல்ல இறங்கி மறைந்தது. விடிந்த பிறகு அவரே வேறொரு விமானத்தில் தேடிப் போய், நிலையத்திலிருந்து சில மைல் தள்ளி ஒரு வயலில் அதைக் கண்டார். சிதைந்த கருவிகளில் ஒரு முள், நிமிடத்துக்கு 3,000 அடி இறக்கம் என்ற இடத்தில் இறுகி நின்றிருந்தது.

முள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, தங்கச்சி. அந்தப் பையனுக்குக் குழப்பம் வந்திருக்கக்கூடியது இன்னொரு கருவியில். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி, மூக்கு மேலா கீழா என்பதை அவர் பழகியதற்கு நேர்மாறாகக் காட்டும் வகை. வானிலை எச்சரிக்கைகளையும் அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கிளம்பியது அவர் தவறு என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. காது ஏமாற்றியதைப் பற்றி அதில் இல்லை, அது என் ஊகம்.

என் அப்பா ஃபெக்டரியில் இரவு வேலை பார்த்தவர். பனி மூடிய ஒரு ராத்திரி அவரோடு லயத்து வரிசை வீட்டுக்கு நடந்து வந்தேன். டோர்ச் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. எனக்குப் பாதை சமமாக இருந்தது. அப்பா சட்டென்று கையைப் பிடித்து இழுத்தார். நான் பள்ளத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். "காலு சொல்றத நம்பாத. கான்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கேளு" என்றார். மீதித் தூரம் முழுக்க ஒரு காலைக் கான் என்கிற அந்தப் பாதையோர வடிகாலின் விளிம்பில் உரசியபடியே கூட்டி வந்தார். விமானிக்கு அந்தக் கான்தான் கருவிகள்.

ஏழு கன்னிமலை விஷயம் வேறு. அது கிளம்பிய விமானம் அல்ல, கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர். விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக நினைத்து, பாதுகாப்பான உயரத்துக்கும் கீழே இறக்கிவிட்டார்கள். அந்த விமானத்துக்குள் இருந்த, வேகத்தை அளக்கும் டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் வைத்துத் தாங்கள் இருக்கும் இடத்தைத் தப்பாகக் கணித்தது காரணம் என்று விசாரணை சொன்னது. அங்கே கருவியை நம்பித்தான் ஏமாந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. தூங்கியதாக அங்கேயும் பேச்சில்லை.

தாத்தாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். அன்றிரவு லயத்து வாசலில் நின்றால் மலை தெரிந்ததா, பனி மூடியிருந்ததா, சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். அவர் சொல்கிறபடியே, அவர் பேச்சிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா