அமெரிக்க உள்ளூர் டிவியில் ஒரே முகம் பல வருடம் செய்தி வாசிக்கிறதே, அது அவ்வளவு நிலையான வேலையா?

இல்லை. நாம் பார்ப்பது தாக்குப்பிடித்த சிலரை மட்டும்தான். நியூயார்க்கின் டபிள்யூஎன்பிசி சேனலில் சக் ஸ்கார்பரோ 1974 முதல் 2024 வரை செய்தி வாசித்தார். அப்படிப்பட்டவர்கள் விதிவிலக்கு.

பெரும்பாலோருக்குச் சில வருட ஒப்பந்தம்தான். டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் அமெரிக்காவை 210 டிவி சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது; சின்ன ஊரில் குறைந்த சம்பளத்தில் தொடங்கி, ஊர் ஊராக மாறித்தான் மேலே வர முடியும். சரி, இருக்கும் ஊரிலேயே எதிர் சேனலுக்குத் தாவலாமே என்றால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் சில மாதங்களுக்குத் தடை போடும் ஷரத்து பலருக்கு உண்டு. பார்வையாளர்கள் முகத்தோடு சேர்ந்து சேனல் மாறிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். அதாவது, மக்களின் அபிமானமே வாசிப்பவரைக் கட்டிப்போடுகிறது! நியூயார்க் மாநிலம் 2008இல் இந்தத் தடைக்குச் சட்டத்தால் முற்றுப்புள்ளி வைத்தது.

செய்தி வாசிப்பாளர் கிறிஸ்டின் கிராஃப்டின் வழக்கைப் பாருங்கள். 1981இல் கான்சஸ் சிட்டியின் கேஎம்பிசி சேனல், பார்வையாளர் குழுக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு அவரைச் செய்தி வாசிக்கும் இடத்திலிருந்து இறக்கியது. தோற்றம் சரியில்லை, வயதாகிவிட்டது, ஆண்களுக்குப் பணிந்து போவதில்லை என்று காரணம் சொன்னதாக அவர் வழக்குப் போட்டார். இரண்டு முறை ஜூரி அவர் பக்கம் நின்றது. 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இப்போது அந்தக் குழுக்களோடு செலவுக் கணக்கும் சேர்ந்துகொண்டது. நிலையங்கள் பெரிய குழுமங்களின் கைக்குப் போனதும், நல்ல சம்பளம் வாங்கும் மூத்த முகங்கள்மீதுதான் முதலில் கண் விழுகிறது.