அசெம்பிளில பைனரி நம்பரை டெசிமலா ஸ்கிரீன்ல காட்டுறது எப்படி?

ரெஜிஸ்டர்ல, அதாவது பிராசஸருக்குள்ள மதிப்பை வைக்கிற சின்ன இடத்துல, 234 இருக்கு, பிரிண்ட் பண்ணா ஏன் ஒமேகா (Ω) குறி வருதுன்னு 8086 பிராசஸர் லேப்ல நிறைய பேர் முழிக்கிறாங்க. காரணம் இதுதான், உள்ள இருக்கறது 11101010ங்கிற ஒரே மதிப்பு, ஆனா ஸ்கிரீனுக்கு மதிப்பெல்லாம் தெரியாது, எழுத்தோட கோட் மட்டும்தான் தெரியும், பழைய டாஸ் ஸ்கிரீன்ல 234க்கு உள்ள எழுத்து ஒமேகா. அதனால 2, 3, 4ன்னு தனித்தனி எழுத்தா நாமதான் பிரிச்சுக் குடுக்கணும்.

எப்படிப் பிரிக்கிறது? கடலூர்–புதுச்சேரி பஸ்ல கண்டக்டர் கிட்ட 234 ஒரு ரூபா காயின் இருக்குன்னு வைங்க. பத்து பத்தா குடுத்து பத்து ரூபா நோட்டா மாத்துறார், மிச்சம் 4 காயின். 23 நோட்டையும் பத்து பத்தா நூறு ரூபாயா மாத்துனா மிச்சம் 3, கடைசில நூறு ரூபா நோட்டு 2. வகுக்கறதுக்கான டிவ் (DIV) இன்ஸ்ட்ரக்ஷன் செய்யறதும் இதேதான், ஈவு ஜீரோ ஆகற வரை 10ஆல வகுத்துட்டே போகணும், 16 பிட்ல வகுத்தா ஈவு ஏஎக்ஸ் (AX) ரெஜிஸ்டர்ல, மீதி டிஎக்ஸ் (DX) ரெஜிஸ்டர்ல. ஒவ்வொரு தடவையும் வகுக்கறதுக்கு முன்னாடி டிஎக்ஸை ஜீரோ பண்ணிடுங்க, தயவுசெஞ்சு மறக்காதீங்க, பாதி புரோகிராம் இங்கதான் உடையுது.

மீதி 4, 3, 2ன்னு தலைகீழா வரும், அதனால கடைசியா வச்சது முதல்ல வெளிய வர்ற ஸ்டாக்ல புஷ் பண்ணி (உள்ள வச்சு) அப்புறம் பாப் பண்ணுங்க (வெளிய எடுங்க), எடுக்கறப்ப ஒவ்வொண்ணோடயும் 48 கூட்டுங்க, ஏன்னா '0' எழுத்தோட ஆஸ்கி கோட் 48.

நம்பரையே டெசிமலா மாத்திட்டோம்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, மதிப்பு அதே 234தான், அதை எழுதிக் காட்டுற எழுத்துகளைத்தான் உருவாக்குறோம்.